1888 சந்தேக நபரை ஏழை நிவாரணக் கணக்கில் தேடுவது எப்படி

பழைய குற்ற வழக்கு ஒன்றில் இறங்குகிறவர்கள் முதலில் போலீஸ் கோப்பைத்தான் தேடிப் போவார்கள். நான் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். பல வருடம் கணக்குத் தணிக்கை பார்த்தவன் நான். அந்த வேலையில் ஒன்று படிந்துவிட்டது: பெரிய அதிகாரி பின்னால் எழுதும் அறிக்கையைவிட, சின்ன குமாஸ்தா அன்றன்றைக்கு எழுதும் பதிவேடுதான் நம்பத்தக்கது. விக்டோரியா கால லண்டனில் ஒரு ஏழையின் வாழ்க்கையைத் தேடும்போதும் இதுவே பொருந்துகிறது.

அந்த ஊரில் ஏழையைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதிவைத்தார்கள்? யாரோ அவனுக்குச் செலவு செய்ய வேண்டியிருந்தது. அந்தச் செலவுக்கு யாரோ கணக்குக் கேட்டார்கள். 1834ஆம் ஆண்டு ஏழைச் சட்டத்துக்குப் பிறகு, பாரிஷ்கள் என்ற தேவாலய வட்டாரங்கள் சேர்ந்து யூனியன்கள் ஆயின. ஒவ்வொரு யூனியனுக்கும் கார்டியன்கள் என்ற நிர்வாகக் குழு, வொர்க்ஹவுஸ் என்ற ஏழை விடுதி, வீட்டுக்காரர்களிடம் வசூலித்த வரிப்பணம். வருகிறவன் நம்ம ஆளா, பக்கத்து யூனியன் ஆளா என்ற கேள்வி ஓயாமல் எழுந்தது. அந்தக் கேள்விதான் தாள்களைப் பெற்றுப் போட்டது. ஆகவே நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ‘இவன் என்ன செய்தான்’ என்பதல்ல, ‘இவனுக்கு யார் பணம் கொடுத்தது’ என்பது.

வழியைக் காட்ட ஒரு ஆளை எடுத்துக்கொள்கிறேன். 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் நடந்த ஐந்து கொலைகள் பொதுவாக ஒரே ஆளின், ஜாக் தி ரிப்பர் என்று அழைக்கப்பட்டவனின், வேலையாகக் கருதப்படுகின்றன. 1894 பிப்ரவரியில் மெல்வில் மெக்நாட்டன் என்ற மூத்த போலீஸ் அதிகாரி ஒரு குறிப்பு எழுதினார். அதில் மூன்று சந்தேக நபர்கள்: ட்ரூயிட், கோஸ்மின்ஸ்கி, ஆஸ்ட்ரோக். கோஸ்மின்ஸ்கி வைட்சேப்பலில் வசித்த போலந்து யூதர், 1889 மார்ச் வாக்கில் மனநோய் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார் என்கிறது குறிப்பு. முதல் பெயர்கூட இல்லை. டொனால்ட் ஸ்வான்சன் என்ற இன்னொரு அதிகாரி பின்னாளில் ஒரு புத்தக ஓரத்தில் எழுதிய பென்சில் குறிப்பிலும் இதே பெயர் வருகிறது. அந்த ஆள் ஸ்டெப்னி வொர்க்ஹவுஸுக்கும், பிறகு கால்னி ஹாட்ச் காப்பகத்துக்கும் அனுப்பப்பட்டார், சீக்கிரமே இறந்துபோனார் என்று அது சொல்கிறது.

தேடலின் முதல் நாள் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். என்ன சொல்லப்பட்டது, யார் எப்போது சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும். மெக்நாட்டன் லண்டன் போலீஸில் சேர்ந்ததே 1889 ஜூனில், அதாவது கொலைகள் முடிந்த பிறகு. மூன்றாவது கட்டத்தில் அதை எழுதியதுமே அந்தக் குறிப்பின் எடை என்னவென்று தெரிந்துவிடும். குறிப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதில் உள்ள ஒவ்வொரு தேதியும் சரிபார்க்க வேண்டிய ஒரு வரவு, அவ்வளவுதான்.

அடுத்தது வரைபடம். இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் மாதக்கணக்கில் தவறான பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். கிழக்கு லண்டனில் வைட்சேப்பல் ஒரு யூனியன், ஸ்டெப்னி இன்னொன்று. மைல் எண்ட் ஓல்ட் டவுனும் செயின்ட் ஜார்ஜ் இன் தி ஈஸ்ட்டும் தனித்தனியாகத் தங்கள் ஏழைகளைப் பார்த்துக்கொண்டன. ஒரு தெருவின் இந்தக் கோடியில் இருப்பவன் ஒரு இடத்துக்கும் அந்தக் கோடியில் இருப்பவன் வேறு இடத்துக்கும் போவான். உங்கள் ஆள் வாழ்ந்த தெருவை அக்கால வரைபடத்தில் கண்டுபிடித்து, எல்லைக்கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கோஸ்மின்ஸ்கி விஷயத்தில் இதுதான் திறவுகோல். அவர் போனது ஸ்டெப்னி வொர்க்ஹவுஸுக்கு அல்ல, மைல் எண்ட் ஓல்ட் டவுன் வொர்க்ஹவுஸுக்கு. செலவை ஏற்றது அந்த நிர்வாகம். போலீஸ் அதிகாரி நினைவிலிருந்து ஊர்ப்பெயரை எழுதினார். குமாஸ்தாவால் அப்படி எழுத முடியாது, தவறினால் பணம் தவறான கணக்கில் விழும்.

சரி, பதிவேடுகள் எங்கே இருக்கின்றன? லண்டன் யூனியன்களின் பெரும்பாலான ஏடுகள் கிளார்க்கென்வெல்லில் உள்ள ஆவணக் காப்பகத்தில். நெடுங்காலம் லண்டன் மெட்ரோபாலிடன் ஆர்க்கைவ்ஸ் என்று இருந்து, 2024இல் தி லண்டன் ஆர்க்கைவ்ஸ் என்று பெயர் மாறியது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. வொர்க்ஹவுஸ் சேர்க்கை ஏடுகளில் பெரும் பகுதி ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி இணையதளத்தில் படமாகக் கிடைக்கிறது. அதன் பெயர் அட்டவணையை மட்டும் நம்பி நிறுத்திவிடாதீர்கள். கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவர் ஒரு எழுத்தைத் தவறவிட்டால் உங்கள் ஆள் காணாமல் போய்விடுவார். அந்தக் காலக் கையெழுத்தில் பெரிய எஸ்ஸும் பெரிய எல்லும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சயான் ஸ்கொயர் என்ற தெரு லயன் ஸ்கொயர் ஆகிவிடும். தேதி தெரிந்தால் அட்டவணையை விட்டுவிட்டு, ஏட்டையே பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சேர்க்கை ஏட்டின் ஒரு வரியில் என்னென்ன இருக்கும்? தேதி, பெயர், தொழில், மதம், பிறந்த வருடம், எந்தப் பாரிஷ், யாருடைய உத்தரவின் பேரில், வந்தபோது உடல்நிலை எப்படி. இவற்றோடு பலரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் ஒரு கட்டம் உண்டு: சேர்ந்த பிறகு அடுத்த வேளை உணவு எது. விடுவிக்கும்போது அதே போல, போவதற்கு முன் கடைசியாக உண்ட வேளை எது. காலை, மதியம், இரவு என்று ஒரு சொல்தான். ரொட்டி எத்தனை அவுன்ஸ் செலவானது என்பதற்கு வொர்க்ஹவுஸ் மேலாளர் பதில் சொல்ல வேண்டும். மாவட்டத் தணிக்கையாளர் வந்து பார்த்து, கணக்கில் நிற்காத செலவை அவர்கள் தலையிலேயே கட்டிவிடுவார். அந்தப் பயத்தில் எழுதிய சொல் அது. நூற்றுமுப்பது வருடம் கழித்து நமக்கு அது ஒரு கடிகாரம். இரவு உணவுக்கு முன் உள்ளே வந்து மறுநாள் காலை உணவுக்குப் பின் வெளியே போனவன், அன்று நள்ளிரவில் தெருவில் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு சந்தேக நபரை விடுவிக்க இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. தணிக்கை செய்தவன் என்ற முறையில் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

சேர்க்கை ஏட்டோடு மத ஏட்டையும் சேர்த்துப் பாருங்கள். 1868ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொருவரின் மதத்தையும் தனி ஏட்டில் எழுதச் சொன்னது. எங்கிருந்து வந்தார், இந்தத் தகவலைச் சொன்னது யார் என்றெல்லாம் அதில் வரும். சொன்னவர் அண்ணன் என்று இருந்தால், குடும்பம் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். செட்டில்மென்ட் விசாரணைத் தாள்கள், அதாவது ஒருவர் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவர் என்ற விசாரணையின் தாள்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம். எந்தப் பாரிஷ் செலவை ஏற்பது என்று தீர்க்க, பிறந்த ஊர் முதல் கடைசியாக வாடகை கொடுத்த வீடு வரை அந்த ஏழை சொன்னதையெல்லாம் எழுதிவைத்திருப்பார்கள்.

கோஸ்மின்ஸ்கிக்குத் திரும்புவோம். ஏரன் கோஸ்மின்ஸ்கி, முடிதிருத்துபவர், 1890 ஜூலை 12 அன்று மைல் எண்ட் வொர்க்ஹவுஸில் சேர்க்கப்படுகிறார். வந்த முகவரி சயான் ஸ்கொயர். மூன்று நாள் கழித்து அண்ணனிடம் ஒப்படைக்கிறார்கள். 1891 பிப்ரவரி 4 அன்று மறுபடி, இந்த முறை கிரீன்ஃபீல்ட் தெருவிலிருந்து. பிப்ரவரி 7 அன்று கால்னி ஹாட்ச். மெக்நாட்டன் சொன்ன 1889 மார்ச்சுக்கும் இதற்கும் ஏறக்குறைய இரண்டு வருட இடைவெளி. அது மட்டுமல்ல, 1889 டிசம்பரில் வாய்க்கூடு போடாத நாயைத் தெருவில் கூட்டிப்போனதற்காக ஒரு கோஸ்மின்ஸ்கி நீதிமன்றத்தில் நின்ற செய்தி பத்திரிகையில் இருக்கிறது. அவர் வெளியேதான் நடமாடினார்.

அந்த நாய் வழக்கில் இன்னொரு முத்து உண்டு. அவர் ஏப்ரகாம்ஸ் என்றும் பெயர் சொல்லிக்கொள்வாராம். கோஸ்மின்ஸ்கி என்பதை எழுத்துக்கூட்டுவது மற்றவர்களுக்குச் சிரமம் என்பதால். அண்ணன்கள் ஐசக், வுல்ஃப் இருவரும் தையல் தொழிலாளர்கள், அவர்கள் பயன்படுத்தியதும் ஏப்ரகாம்ஸ்தான். ஆகவே ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். குடியேறியவர்கள், திருமணமானவர்கள், சேர்ந்து வாழ்ந்தவர்கள் எல்லாருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. கொலையுண்டவர்களில் ஒருவரான கேத்தரின் எடோஸ் 1887இல் வைட்சேப்பல் மருத்துவ விடுதியில் சேர்ந்தது கேட் கான்வே என்ற பெயரில். கான்வே அவர் முன்பு சேர்ந்து வாழ்ந்தவரின் பெயர். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நான் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருப்பேன்: பிறப்புப் பெயர், சகோதரர்கள் பயன்படுத்தும் பெயர், துணையின் பெயர், காதில் விழுந்தபடி ஆங்கிலேயக் குமாஸ்தா எழுதக்கூடிய நான்கைந்து விதங்கள்.

பெயர் ஒத்துப்போனதும் அவசரப்பட்டு இரண்டு வாழ்க்கைகளை ஒன்றாகத் தைத்துவிடக் கூடாது. ஸ்வான்சன் குறிப்பில் ‘சீக்கிரமே இறந்தார்’ என்பது கோஸ்மின்ஸ்கிக்குப் பொருந்தவில்லை, அவர் 1919 வரை வாழ்ந்தார். ஆனால் டேவிட் கோஹன் என்ற பெயரில் ஒருவர் 1888 டிசம்பர் 7 அன்று வைட்சேப்பல் மருத்துவ விடுதியில் சேர்ந்து, அதே மாதம் கால்னி ஹாட்ச் போய், 1889 அக்டோபரில் இறந்திருக்கிறார். இரண்டு பேரின் விவரம் ஒரு போலீஸ்காரரின் நினைவில் கலந்ததா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டுமானால் வயது, தொழில், முகவரி, உறவினர் என்று குறைந்தது இரண்டு விவரமாவது பெயரோடு சேர்ந்து ஒத்துப்போக வேண்டும் என்பது நான் விடாமல் பிடிக்கும் விதி. ஒரே பெயருள்ள இரண்டு தொழிலாளர்களை ஒருவர் என்று எண்ணி நான் ஒரு குளிர்காலம் முழுவதும் வேலை செய்திருக்கிறேன். மத ஏட்டில் ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் யூதர் என்று பார்த்த நாளில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன்.

ஒரு இரவு மட்டும் தங்குகிறவர்களுக்குக் காஷுவல் வார்டு இருந்தது. நாடோடிகளும் வேலை தேடி அலைகிறவர்களும் அங்கே போவார்கள். முந்தைய இரவு எங்கே உறங்கினாய், அடுத்து எங்கே போகிறாய் என்று கேட்டு எழுதினார்கள். பெயர் பொய்யாக இருக்கலாம், நேரம் பொய்யாக இருக்காது. 1882 சட்டப்படி உள்ளே வந்தவரை மறுநாளே விடமாட்டார்கள். அதற்கடுத்த நாள் காலை ஒன்பது மணி வரை வைத்து, கல் உடைப்பது, பழைய கயிற்றைப் பிரிப்பது போன்ற வேலை வாங்குவார்கள். இந்த விதி தெரிந்திருந்தால் சாட்சியத்தை எடைபோடலாம். எடோஸ் மைல் எண்ட் காஷுவல் வார்டில் வெள்ளிக்கிழமை இரவு தங்கி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே தன்னிடம் வந்ததாக அவருடன் வாழ்ந்த ஜான் கெல்லி விசாரணையில் சொன்னார். அவ்வளவு சீக்கிரம் எப்படி விட்டார்கள் என்று கேட்டபோது, அங்கே ஏதோ தகராறு என்றார். சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தப் பதில் ஏன் உறுத்துகிறது என்று புரியும்.

அப்புறம் தனியார் தர்ம நிறுவனங்கள். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருந்தது, விதியிலிருந்தே தகவல் கிடைக்கும். 1859இல் தொடங்கிய யூத கார்டியன்கள் வாரியம், வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு உதவி தராது. அதன் ஏட்டில் ஒருவர் பெயர் இருந்தால், ஆறு மாதத்துக்கு முன்பே அவர் லண்டனில் இருந்தார் என்று எண்ணலாம். அதன் ஆவணங்கள் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கப்பலிலிருந்து புதிதாக இறங்கியவர்களுக்கு லெமன் தெருவில் ஒரு தற்காலிக விடுதி இருந்தது. 1869இல் தொடங்கிய தர்ம அமைப்புச் சங்கம் ஒருவருக்கு ஷில்லிங் கொடுக்கும் முன் வீட்டுக்காரர், முதலாளி, பாதிரியார் எல்லாரிடமும் விசாரிக்கும். உதவி மறுத்த வழக்குகள்தான் நமக்கு அதிகம் சொல்லும், காரணம் எழுத வேண்டியிருந்ததால். கடலோடிகள் என்றால் மாலுமி விடுதிகள். லைம்ஹவுஸில் 1857இல் திறந்த ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினருக்கான விடுதியில் லாஸ்கர்கள் என்ற நம் நாட்டுக் கப்பல் தொழிலாளர்கள் தங்கினார்கள். துறைமுகப் பகுதிக் குற்றங்களில் ‘வெளிநாட்டு மாலுமி’ என்று போலீஸ் கைகாட்டியபோதெல்லாம் அப்படிப்பட்ட விடுதியின் பதிவை யாராவது திறந்து பார்த்தார்களா என்று கேட்க எனக்கு ஒரு ஆசை. சிறையிலிருந்து வந்தவர்களுக்கும் தர்மச் சங்கங்கள் இருந்தன. மூன்றாவது சந்தேக நபரான மைக்கேல் ஆஸ்ட்ரோக் 1904இல் விடுதலையானபோது கொடுத்த முகவரி ஹோல்பர்னில் இருந்த செயின்ட் ஜைல்ஸ் கிறிஸ்தவ மிஷன். அவரை இந்த வழக்கிலிருந்து விடுவித்ததும் ஒரு பதிவுதான்: 1888 ஜூலையில் பாரிஸில் கைதாகி, கொலைகள் நடந்த மாதங்களில் பிரெஞ்சுச் சிறையில் இருந்தார்.

தர்மம் கேட்டவர்கள் சொன்ன கதையை எப்படிச் சோதிப்பது? கொலையுண்டவர்களில் இன்னொருவரான எலிசபெத் ஸ்ட்ரைட், ஸ்வீடனில் பிறந்தவர், லண்டனில் இருந்த ஸ்வீடிஷ் தேவாலயத்திடம் பலமுறை உதவி பெற்றவர். 1878 செப்டம்பர் 3 அன்று தேம்ஸில் மூழ்கிய பிரின்சஸ் ஆலிஸ் கப்பலில் கணவரையும் குழந்தைகளையும் இழந்ததாகச் சொல்லிவந்தார். அந்த விபத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நிவாரண நிதியும் திரட்டப்பட்டது. ஆனால் கணவர் ஜான் ஸ்ட்ரைட் இறந்தது 1884இல், நோயாளிகள் விடுதியில். கதை பொய். ஆனாலும் அந்தப் பொய்யை அவர்மீது குற்றமாக எழுதாதீர்கள். தர்மம் கொடுத்தவர்கள் ‘தகுதியான’ ஏழையைத்தான் தேடினார்கள். விதவை தகுதியானவர், பிரிந்து வாழ்பவர் அல்ல. எந்தக் கதைக்கு ரொட்டி கிடைக்கும் என்று பசித்தவருக்குத் தெரியும். சந்தேக நபர் ஒருவர் தர்ம நிறுவனத்தில் பொய் சொன்னது தெரிந்தாலும் இதே அளவுகோலை வையுங்கள்.

பதிவில் பெயர் இல்லாததும் தகவல்தான். 1888இல் கோஸ்மின்ஸ்கி எந்த வொர்க்ஹவுஸ் ஏட்டிலும் அகப்படவில்லை. கொலை இரவுகளுக்கு அவருக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ ஏடு எதுவும் பேசவில்லை. அது சொல்வது ஒன்றுதான்: அப்போது அவருக்குச் சோறு போட்டது வரிப்பணம் அல்ல. பெரும்பாலும் தையல் வேலை பார்த்த குடும்பம்தான் அவரைத் தாங்கியிருக்க வேண்டும். அப்படியானால் அடுத்துத் தேட வேண்டியது அண்ணன்களின் முகவரிகள். இரவு அவர் உறங்கிய வீட்டைத் தேட வேறு வழி இல்லை.

வொர்க்ஹவுஸிலிருந்து காப்பகத்துக்குப் போனவர்களுக்குப் பணத்தின் தடம் இன்னும் தெளிவு. மருத்துவரின் சான்றிதழ், அதில் அண்டை அயலார் சொன்ன சாட்சி, நீதிபதியின் உத்தரவு, செலவை ஏற்கும் நிர்வாகத்தின் பெயர், நெருங்கிய உறவினர். கோஸ்மின்ஸ்கியின் சான்றிதழில், தெருச் சாக்கடையில் கிடந்த ரொட்டியை எடுத்துத் தின்றார், மற்றவர் கொடுத்த உணவைத் தொடமாட்டார், சகோதரியைக் கத்தியைக் காட்டி மிரட்டினார் என்று ஒருவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. பலர் கத்தியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். நீங்கள் முழு வரியையும் எழுதுங்கள். 1894இல் அவர் லீவ்ஸ்டன் காப்பகத்துக்கு மாற்றப்பட்டார். அது லண்டன் முழுவதும் பகிர்ந்துகொண்ட பொது நிதியில் நடந்த இடம். அங்கே இருபத்தைந்து வருடம்.

காப்பகத்துக்குப் போகும்போது பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள், பேனாவை அனுமதிக்கமாட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஏட்டின் குறியீட்டு எண்ணையும் பக்கத்தையும் ஒரு சீட்டில் எழுதி அதையும் சேர்த்துப் படம் எடுங்கள். மருத்துவக் குறிப்புகள் பொதுவாக நூறு வருடம் மூடி வைக்கப்படும் என்பதால், 1920களின் நடுவுக்குப் பிந்தைய ஏடு என்றால் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். இறந்தவருக்கு வாழும் உறவினர்கள் இருக்கக்கூடும். கண்டுபிடித்த பெயர்களை வெளியிடும் முன் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது அடக்கத்தின் செலவு. கேட்க ஆளில்லாமல் இறந்தவரைப் பாரிஷ் புதைக்கும், யூனியன் கணக்கில் சவப்பெட்டிக்கான தொகை வரும். யாராவது வந்து கேட்டிருந்தால் அந்த வரி இருக்காது, தேடலும் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். ஏரன் கோஸ்மின்ஸ்கி 1919 மார்ச் 24 அன்று லீவ்ஸ்டனில் இறந்தார். அவரை ஈஸ்ட் ஹாமில் உள்ள யூதக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். இறந்த தேதி கல்லில் இருக்கிறது. சகோதரரும் சகோதரிகளும் உறவினர்களும் நண்பர்களும் அவர் பிரிவை ஆழ்ந்து உணர்கிறார்கள் என்ற வாசகமும் இருக்கிறது. முதல் நாள் போட்ட மூன்று கட்டத் தாளின் கீழே, நான் கடைசியாக எழுதிய வரி அது.